‘டார்க்’ தொடரில் நிஜமான லாஜிக் ஓட்டை எது?

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

முதல்லயே சொல்லிடறேன், இன்னைக்கு ஸ்பாய்லர் இல்லாம பேச வழியே இல்லை. ‘டார்க்’ மூணு சீசனையும் பார்க்காதவங்க இங்கேயே பாஸ் பண்ணிட்டு, 26 எபிசோடையும் முடிச்சுட்டு வாங்க. அவசரம் ஒண்ணும் இல்லை.

பார்த்து மறந்தவங்களுக்கு மட்டும் சின்னதா ஒரு ரீகேப். பரான் போ ஓடார், யான்ட்யே ஃப்ரீஸ இரண்டு பேரும் சேர்ந்து உருவாக்கின தொடர். நெட்ஃப்ளிக்ஸ் எடுத்த முதல் ஜெர்மன் மொழித் தொடர் இதுதான். 2017 டிசம்பர்ல முதல் சீசன் வந்துச்சு. ரெண்டாவது சீசன் வந்தது 2019 ஜூன் 21, மூணாவது 2020 ஜூன் 27. இந்த ரெண்டு தேதியையும் சும்மா தேர்ந்தெடுக்கலை. கதைக்குள்ள யோனாஸோட அப்பா தற்கொலை செஞ்சுக்கிற நாள் முதல் தேதி, உலகம் அழியற நாள் இரண்டாவது தேதி. லாக்டவுன்ல வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தப்போ உலகம் அழியற தேதியில அந்த சீசனைப் பார்த்தவங்களுக்கு அந்த ஃபீல் இன்னும் ஞாபகம் இருக்கும்.

ஊர் பேர் விண்டன். ஒரு அணுமின் நிலையம், ஒரு காடு, ஒரு குகை, நாலு குடும்பம். குகைக்குள்ள போனா 33 வருஷம் முன்னாலயோ பின்னாலயோ வெளிய வரலாம். 2019ல காணாமப் போற சின்னப் பையன் மிக்கெல், 1986ல போய் மாட்டிக்கிறான், அங்கேயே வளர்றான், கல்யாணம் பண்றான், யோனாஸுக்கு அப்பா ஆகறான். இதுவே தலை சுத்துதுன்னா, இது வெறும் முதல் சீசன்.

தொடர் முடிஞ்ச நாள்ல இருந்து ரசிகர்கள் மத்தியில ஒரே சண்டை. ‘இது லாஜிக் ஓட்டையே இல்லாத கதை’ன்னு ஒரு கோஷ்டி. ‘கடைசி சீசன்ல மொத்தமா சொதப்பிட்டாங்க’ன்னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு பக்கமும் வெறியோட வாதம் பண்றாங்க. என்னைக் கேட்டா, நிறைய பேர் ஓட்டைன்னு சொல்ற இடம் ஓட்டையே இல்லை. யாருமே அதிகம் பேசாத ஒரு இடத்துலதான் நிஜமான ஓட்டை இருக்கு.

முதல்ல ஓட்டைன்னா என்னன்னு பேசி முடிச்சுடுவோம். ‘காலப் பயணமே சாத்தியம் இல்லை, அப்புறம் என்ன லாஜிக்’னு ஒரு ஆள் எல்லா குரூப்லயும் இருப்பார். அவரை விட்டுடுவோம். கதை தனக்குத் தானே ஒரு விதி போட்டுக்குது. அந்த விதியை அதுவே மீறினா அதுதான் ஓட்டை. என் வேலையில தினமும் நடக்கிற விஷயம் இது. ஒரு சாஃப்ட்வேர் நமக்குப் பிடிக்காத மாதிரி நடந்துக்கிட்டா அது பக் இல்லை. ஸ்பெக்ல எழுதினதுக்கு மாறா நடந்தாத்தான் பக். டெஸ்டிங் டீமோட பாதி சண்டை இதுலதான் போகும்.

அப்போ ‘டார்க்’கோட ஸ்பெக் என்ன? நடந்தது நடந்ததுதான், எதையும் மாத்த முடியாது. அவ்வளவுதான்.

இதுக்கு நேர் எதிர் நமக்கெல்லாம் நல்லாத் தெரிஞ்ச ‘இன்று நேற்று நாளை’. 2015ல வந்த படம். அதுல ஹீரோவும் ஃப்ரெண்டும் பழைய காலத்துக்குப் போய்ட்டு வர்றப்போ, சாக வேண்டிய ஒரு ரவுடி பிழைச்சுக்கிறான். திரும்பி வந்தா நிகழ்காலமே மாறிக் கிடக்கு. அங்க இறந்த காலத்தை எடிட் பண்ணலாம். ‘டார்க்’ல இறந்த காலம் ரீட் ஒன்லி. ஆனா அதுல ஒரு குசும்பு இருக்கு. எடிட் பண்ண நீங்க எடுக்கிற முயற்சியும் ஏற்கெனவே அந்த ஃபைலுக்குள்ளயே எழுதியிருக்கு.

இது கதாசிரியர்கள் சும்மா அடிச்சு விட்டது இல்லை. ரஷ்ய இயற்பியலாளர் இகோர் நோவிகோவ் பேரால ஒரு கொள்கை இருக்கு. காலத்துல பின்னால போக முடியும்னு வெச்சுக்கிட்டாலும், முரண்பாட்டை உண்டாக்கற நிகழ்ச்சி நடக்கிறதுக்கான வாய்ப்பு பூஜ்யம்னு அது சொல்லுது. இதை விளக்க ஒரு பில்லியர்ட்ஸ் பந்து உதாரணம் உண்டு. நாம கேரம் போர்டுலயே பார்ப்போம்.

போர்டோட ரெண்டு பாக்கெட்டுக்கு நடுவுல ஒரு காலச் சுரங்கம் இருக்குன்னு வெச்சுக்கோங்க. ஒரு பாக்கெட்ல விழற ஸ்ட்ரைக்கர், விழறதுக்கு ரெண்டு செகண்ட் முன்னாடியே இன்னொரு பாக்கெட்ல இருந்து வெளிய வரும். நீங்க சுண்டறீங்க. வெளிய வந்த ஸ்ட்ரைக்கர், இன்னும் பாக்கெட்டுக்குப் போகாத தன்னையே நேரா இடிச்சுத் தள்ளி விட்டுடுது. அப்போ அது பாக்கெட்ல விழவே இல்லை. விழலைன்னா வெளிய வந்து இடிச்சது யாரு? இதுதான் முரண். 1991ல எச்செவெரியா, க்ளிங்க்ஹாமர், கிப் தோர்ன் மூணு பேரும் கணக்குப் போட்டுப் பார்த்தப்போ அழகான ஒரு விடை வந்துச்சு. ஸ்ட்ரைக்கர் தன்னை நேரா இடிக்காம, ஓரமா உரசிட்டுப் போகுது. அந்த உரசல்ல பாதை லேசாத் திரும்புது, திரும்பின பாதையில போய் பாக்கெட்ல விழுது, கொஞ்சம் மாறின கோணத்துல வெளிய வருது. அந்தக் கோணத்துல வர்றதாலதான் நேரா இடிக்காம ஓரமா உரசுது. எல்லாம் பொருந்திடுச்சு.

இப்ப ரெண்டாவது சீசனோட ஆறாவது எபிசோடை நினைச்சுப் பாருங்க. அப்பாவோட சாவைத் தடுக்க யோனாஸ் அவர் முன்னாடி போய் நிக்கறான். போனா, அவருக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை! இவன் போய்ப் பேசினதுலதான் அந்த எண்ணமே அவர் மனசுல விழுது. தடுக்க வந்தவன்தான் காரணம். அந்த ஓர உரசல் இதுதான். உல்ரிக் 1953க்குப் போய்ச் சின்னப் பையன் ஹெல்கேயைக் கல்லால அடிக்கிறதும் இதே கணக்குதான். ரெண்டாவது சீசன் கடைசியில நோவா ஆடமைச் சுடப் பார்ப்பான், துப்பாக்கி வெடிக்காது. அதே துப்பாக்கியை ஆக்னஸ் எடுத்து நோவாவைச் சுடுவா, வெடிக்கும். ‘இது என்ன சினிமாத்தனம்’னு நிறைய பேர் கேட்டாங்க. ஸ்பெக்படி சரியாத்தான் இருக்கு. ஆடம் அன்னைக்குச் சாகக் கூடாது, அதனால தோட்டா ஜாம் ஆகுது. எனக்கு அந்த சீன் ரசனையா ரொம்பப் பிடிக்கலை, ஆனா ஓட்டைன்னு சொல்ல மாட்டேன்.

33 வருஷக் கணக்கையும் சிலர் இழுப்பாங்க. அது சும்மா வந்த எண் இல்லை. சந்திர வருஷம் 354 நாள், சூரிய வருஷம் 365. வருஷத்துக்கு 11 நாள் வித்தியாசம். கூட்டிக்கிட்டே போனா கிட்டத்தட்ட 33 வருஷத்துல ரெண்டும் மறுபடி சேரும். ரம்ஜான் ஒவ்வொரு வருஷமும் 11 நாள் முன்னாடி நகர்ந்து நகர்ந்து, 33 வருஷம் கழிச்சு அதே பருவத்துக்குத் திரும்புறது இதனாலதான். அது ஏன் குகையைத் திறக்கணும்னு கேட்டா பதில் கிடையாது. அது அந்த உலகத்தோட விதி, விட்டுடுவோம்.

அடுத்தது அதிகமா அடிபடற கேள்வி, ஷார்லட்டும் எலிசபெத்தும். ஷார்லட்டோட மகள் எலிசபெத். எலிசபெத்தோட மகள் ஷார்லட். அம்மாவுக்கு மகளே அம்மா. புரோகிராமர் பாஷையில சர்க்குலர் டிபெண்டென்சி. கம்பைலர் பார்த்தா அங்கேயே நின்னு அழும்.

ஆனா சுயமுரண் இல்லாத வரைக்கும் வட்டம் தப்பு இல்லை. ஆரம்பம் இல்லாம காலத்துல சுத்தற இந்த மாதிரி விஷயங்களுக்கு லோசெவும் நோவிகோவும் 1992ல ஒரு பேர் வெச்சாங்க: ஜின். நம்ம பட்டணத்தில் பூதம் வகையறாதான். ஒரு பொருளே சுத்தினா முதல் வகை ஜின், வெறும் தகவல் மட்டும் சுத்தினா இரண்டாம் வகை. முதல் வகையில ஒரு சிக்கல் இருக்கு. ஒரு கைக்கடிகாரம் சுத்திக்கிட்டே இருந்தா, ஒவ்வொரு சுத்துலயும் அது தேயணும். ஆனா ஆரம்பிச்ச இடத்துக்கு வர்றப்போ புதுசா இருக்கணும். எப்படி?

இந்த இடத்துல தொடரை எழுதினவங்க கவனமா இருந்திருக்காங்க. டான்ஹவுஸோட கால இயந்திரத்தைப் பாருங்க. அதே பெட்டி முடிவில்லாம சுத்தலை. பழுதான பெட்டி அவர்கிட்ட வருது, அதைப் பார்த்து அவர் புதுசா ஒண்ணைச் செஞ்சு முடிக்கிறார். பித்தளைக்கும் பல்சக்கரத்துக்கும் ஆரம்பம் இருக்கு. டிசைனுக்குத்தான் ஆரம்பம் இல்லை. சுத்தறது தகவல் மட்டும்தான்.

ஷார்லட் விஷயத்துல ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து நான் கணக்குப் போட்டேன். சிரிக்காதீங்க. ஷார்லட்டோட மரபணுவுல பாதி நோவாகிட்ட இருந்து, பாதி எலிசபெத்கிட்ட இருந்து. எலிசபெத்தோடது பாதி பீட்டர், பாதி ஷார்லட். அப்போ ஷார்லட்டுக்கு அம்மா வழியா வந்த பாதியில ஏதாவது ஒரு துண்டை எடுத்துக்கோங்க. அது பீட்டர்கிட்ட இருந்து வந்திருக்க ரெண்டில் ஒரு வாய்ப்பு. எலிசபெத் வழியா ஷார்லட்டோட நோவா பாதியில இருந்தே வந்திருக்க நாலில் ஒரு வாய்ப்பு. மிச்சம் நாலில் ஒரு வாய்ப்புல, அந்தத் துண்டு அம்மா, மகள், அம்மா, மகள்னு சுத்திக்கிட்டே இருக்கும். யாருமே அதைக் கொண்டு வரலை. மொத்தமாப் பார்த்தா ஷார்லட்டோட மரபணுவுல சராசரியா எட்டில் ஒரு பங்குக்குப் பூர்வீகமே கிடையாது. அம்மா வழியா மட்டும் வர்ற மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ-வுக்கு முழுக்கவே கிடையாது. விசித்திரம்தான். ஆனா டி.என்.ஏ-ங்கறதும் தகவல்தான். ஒவ்வொரு உடம்பும் புதுசா சாப்பாட்டுல இருந்து உருவாகுது, அதனால தேயற பிரச்சினை இல்லை. ஆக இதுவும் ஓட்டை இல்லை, இரண்டாம் வகை ஜின்.

‘பெரிய யோனாஸ் ஏன் சின்ன யோனாஸ்கிட்ட எல்லாத்தையும் தெளிவாச் சொல்லலை’ங்கற கேள்வியை நான் வேகமாத் தாண்டிடறேன். அது மனுஷ குணம் பத்தின கேள்வி, லாஜிக் பத்தினது இல்லை. நம்ம வீட்டுப் பெரியவங்க மட்டும் எல்லாத்தையும் தெளிவாச் சொல்லிட்டாங்களா என்ன?

சரி, மூணாவது சீசன். இங்கதான் நிஜமான சண்டை.

யோனாஸ் ஈவாவோட உலகத்துல சுட்டுக் கொல்லப்படறான். அஞ்சாவது எபிசோட். அப்போ அவன் எப்படி வளர்ந்து ஆடம் ஆக முடியும்? தொடர் சொல்ற பதில் இது. உலகம் அழியற அந்தக் கணத்துல காலம் ஒரு நொடித் துணுக்குக்கு நின்னு போகுது. அப்போ காரண காரியத் தொடர்பு அறுந்துடுது. அந்த இடைவெளியில ஒரே நிகழ்ச்சி ரெண்டு விதமா நடக்கலாம். ஒண்ணுல இன்னொரு உலகத்து மார்த்தா வந்து யோனாஸைக் கூட்டிட்டுப் போறா, அவன் அங்க சாகறான். இன்னொண்ணுல பார்டோஷ் அவளை வழியிலயே நிறுத்திடறான். அவ வர்றதில்லை. யோனாஸ் தானே தப்பிச்சு, வளர்ந்து, ஆடம் ஆகறான். ரெண்டும் நிஜம்.

‘எதையும் மாத்த முடியாதுன்னு ரெண்டு சீசனா தலையில அடிச்சுச் சொல்லிட்டு, கடைசியில எட்ஜ் கேஸ்னு ஒண்ணைக் கொண்டு வந்துட்டாங்களே’ன்னு ரசிகர்கள் கொதிச்சாங்க. கோபம் நியாயம்தான். ஆனா விதியை மீறலை, விதிக்கு ஒரு விலக்கு சேர்த்தாங்க. லேட்டா வந்த டாக்குமென்டேஷன். மேனேஜரா இருந்தா நான் திட்டியிருப்பேன், பக்னு டிக்கெட் போட மாட்டேன்.

நான் டிக்கெட் போடற இடம் கடைசி எபிசோட். க்ளாடியாவும் ஆடமும் பேசற காட்சி. இதெல்லாம் கணக்கில்லாத தடவை நடந்திருக்கு, ஆனா நாம பேசற இந்தப் பேச்சு இப்பதான் முதல் தடவையா நடக்குதுங்கற அர்த்தத்துல க்ளாடியா சொல்லுவா. பின்னணி இசையில நமக்குப் புல்லரிக்கும். ஒரு நிமிஷம் நிறுத்தி யோசிச்சுப் பாருங்க. ‘முதல் தடவை’ன்னா என்ன?

சாஃப்ட்வேர்ல வட்டம்னு சொன்னா ரெண்டு அர்த்தம் இருக்கு. ஒண்ணு ஃபார் லூப். ஓடிக்கிட்டே இருக்கும். முதல் சுத்து, ரெண்டாவது சுத்துன்னு எண்ணலாம், நூறாவது சுத்துல பிரேக் போட்டு வெளிய வரலாம். இன்னொண்ணு சர்க்குலர் லிங்க்டு லிஸ்ட். ஒவ்வொரு கணுவும் அடுத்ததைக் காட்டும், கடைசிக் கணு முதல் கணுவைக் காட்டும். மெமரியில சும்மா அப்படியே இருக்கும். ஓடாது. அது எத்தனை தடவை சுத்துச்சுன்னு கேட்கறதே அர்த்தம் இல்லாத கேள்வி. சங்கு வளையல்ல முதல் சுத்து எதுன்னு கேட்கிற மாதிரி.

ரெண்டு சீசனா ‘டார்க்’ நமக்குக் காட்டினது வளையலைத்தான். 1986ங்கறது ஒரே ஒரு 1986. அங்க நோவாவும் இருக்கான், மிக்கெலும் இருக்கான், பெரிய யோனாஸும் இருக்கான், எல்லாரும் அந்த ஒரே தடவையில. அதனாலதான் யோனாஸ் அப்பாகிட்டப் போன காட்சி அவ்வளவு கனமா விழுந்துச்சு. முன்னாடி அவன் போகாத ஒரு சுத்துன்னு ஒண்ணு கிடையவே கிடையாது.

க்ளாடியா பேசறது ஃபார் லூப்பை. எத்தனையோ தடவை ஓடிச்சு, இந்தத் தடவை வேற மாதிரின்னா, காலத்துக்கு வெளிய இன்னொரு கடிகாரம் இந்தச் சுத்துகளை எண்ணிக்கிட்டு இருக்கணும். அந்தக் கடிகாரம் எங்க இருக்கு? தொடர் எங்கயுமே சொல்லலை. சுத்துக்குச் சுத்து மாற்றம் வர முடியும்னா, நோவாவோட துப்பாக்கி ஜாம் ஆக வேண்டிய அவசியமே இல்லையே. யோனாஸ் செத்தா இன்னொரு தடவையில பார்த்துக்கலாமே. ரசிகர்கள் மணிக்கணக்கா அடிச்சுக்கிறதுக்கும் இதுதான் காரணம்னு நினைக்கிறேன். ஒருத்தர் மனசுல வளையல் இருக்கு, இன்னொருத்தர் மனசுல ஃபார் லூப் இருக்கு. ரெண்டு பேரும் அதைச் சுழற்சின்னு ஒரே வார்த்தையில சொல்றாங்க. குத்தம் அவங்க மேல இல்லை, தொடரே ரெண்டையும் ஒண்ணாக் கலந்துடுச்சு.

இது வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை. முடிவுல இதோட பாரம் முழுசா இறங்குது. 1971ல நடந்த கார் விபத்துல டான்ஹவுஸோட மகன், மருமகள், பேத்தி மூணு பேரும் இறக்கறாங்க. அவங்களைத் திரும்பப் பெற அவர் 1986ல இயந்திரத்தை ஓட்டறார். மூல உலகம் உடைஞ்சு, ஆடமோட உலகமும் ஈவாவோட உலகமும் பிறக்குது. யோனாஸும் மார்த்தாவும் அந்த விபத்தையே தடுத்துடறாங்க. ரெண்டு உலகமும் துகள் துகளா மறையுது.

விபத்து நடந்தா இவங்க பிறப்பாங்க. இவங்க பிறந்தா விபத்து நடக்காது. விபத்து நடக்காட்டா இவங்க பிறக்க மாட்டாங்க. கோடுல எழுதினா எக்ஸ் சமம் நாட் எக்ஸ். ட்ரூ, ஃபால்ஸ் ரெண்டுல எதைப் போட்டாலும் பொருந்தாது. கேரம் போர்டுல இருந்த ஓர உரசல் மாதிரி ஒரு தப்பிப்பு இங்க இல்லை.

ஒரே ஒரு கதவு திறந்திருக்கு. அதே 1991ல டேவிட் டாய்ச் குவாண்டம் கணக்கை வெச்சு ஒண்ணு சொன்னார். விடை ட்ரூவாவோ ஃபால்ஸாவோதான் இருக்கணும்ங்கறதை விட்டுடுங்க, நிகழ்தகவாப் பாருங்க. பி சமம் ஒண்ணு கழித்தல் பி. விடை அரை. விபத்து நடந்த கிளை பாதி, நடக்காத கிளை பாதி. முரண் கரைஞ்சு போச்சு. மூணாவது சீசன்ல டான்ஹவுஸ் ஷ்ரோடிங்கர் பூனையைப் பத்திப் பேசறதால, எழுதினவங்க மனசுல இதுக்குப் பக்கத்துல ஏதோ இருந்திருக்கும்னு ஒரு கோஷ்டி அடிச்சுச் சொல்லுது.

ஆனா அந்த விடையை ஏத்துக்கிட்டா ஒரு விலை கொடுக்கணும். விபத்து நடந்த கிளை அப்படியே இருக்குன்னு அர்த்தம். அங்க மிக்கெல் காணாமப் போய்க்கிட்டே இருப்பான், அந்த அப்பா அறைக்குள்ள கயிறோட நின்னுக்கிட்டே இருப்பார். யோனாஸும் மார்த்தாவும் தங்களை அழிச்சுக்கிட்டது யாரையும் காப்பாத்தலை, நல்லா இருக்கிற இன்னொரு கிளையைக் கூடுதலா ஒண்ணு உண்டாக்கிச்சு, அவ்வளவுதான். மாறா, திரையில காட்டின மாதிரி உலகங்கள் நிஜமாவே இல்லாமப் போச்சுன்னா, அந்தத் தியாகத்தைச் செஞ்சவங்க எப்பவுமே இருக்கலை. ஓட்டையை அடைச்சா தியாகம் வீணாப் போகுது, தியாகத்தைக் காப்பாத்தினா ஓட்டை அப்படியே நிக்குது. அந்த ரெண்டு பேர் கை கோத்துக்கிட்டுக் கரைஞ்சதுக்கு ஏதாவது அர்த்தம் இருந்துச்சாங்கறதுதான் இந்தச் சண்டையோட அடியில கிடக்கிற கேள்வி. பசங்க இவ்வளவு கோபப்படறதுல ஆச்சரியம் இல்லை.

நான் எந்தப் பக்கம்னு கேட்டா, ஓட்டை இருக்கட்டும்ங்கற பக்கம். காரணம் கடைசிக் காட்சி. மூல உலகத்துல ஒரு ராத்திரி விருந்து. ஹன்னா, காத்தரினா, ரெகினா எல்லாரும் இருக்காங்க. ரெகினா எப்படி இருக்கான்னு குழம்பினவங்களுக்கு: அவ அப்பா ட்ரோன்டே இல்லை, பெர்ன்ட். அதனால அவ அந்த முடிச்சுக்கு வெளிய. கரண்ட் போகுது, வருது. ஹன்னா அங்க தொங்கற மஞ்சள் ஜாக்கெட்டைப் பார்த்து உறைஞ்சு போறா. ஏதோ ஞாபகம். வயித்துல இருக்கிற குழந்தைக்கு யோனாஸ்னு பேர் வைக்கலாம்னு தோணுது. அந்த உலகங்கள் எப்பவுமே இல்லைன்னா, அந்த ஞாபகம் எங்க இருந்து வந்துச்சு? லாஜிக்படி அது வரக் கூடாது. இயக்குநர் அதைத் தெரிஞ்சேதான் வெச்சிருக்கார்.

இன்னொரு விஷயம். போலீஸ்காரர் வொல்லருக்கு முதல் சீசன்ல கண்ணுல என்ன ஆச்சுன்னு மூணு சீசனா யாரும் சொல்லலை. ஒவ்வொரு தடவையும் அவர் சொல்ல ஆரம்பிப்பார், யாராவது குறுக்க வருவாங்க. கடைசி விருந்துலயும் அவர் வாயைத் திறக்கறார், சரியா அப்பதான் கரண்ட் போகுது. அது என்னவா இருக்கும்னு உங்ககிட்ட தியரி இருந்தா ஒரு நிமிஷத்துக்குள்ள வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. நல்லதா நாலு எடுத்து அடுத்த எபிசோட்ல போடறேன்.